ஹெப்சிபா எடைபோட்ட நட்சத்திர மண்டலம்

ஹெப்சிபாவைப் போல ஒரு பிடிவாதக்காரியைப் பாளையங்கோட்டையில் நான் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர்கள். எங்களுக்கெல்லாம் விடைத்தாள் திருத்தவே விழி பிதுங்கும். அவளோ தொலைநோக்கிப் பதிவுகளை வைத்துக்கொண்டு, எங்கோ கிடக்கிற நட்சத்திர மண்டலத்துக்கு எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

மண்டலம் சுழலும் வேகத்தை வைத்துத்தான் எடை சொல்வார்கள். எங்கே பார்த்தாலும் ஓரத்து நட்சத்திரங்கள் தலைதெறிக்க ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரிகிற பொருளின் ஈர்ப்பு அவற்றைப் பிடித்துவைக்கக் காணாது. அதனால்தான் தெரியாத கரும்பொருள் ஒன்று இருக்கிறது என்கிறார்கள். ஹெப்சிபாவின் மண்டலம் மட்டும் பையச் சுழன்றது. கரும்பொருளே இல்லாத மண்டலம்! முனைவர் பட்டமும் பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றன.

அவள் அப்பா தேவதாசனுக்கு நுரையீரலில் புற்று. ஆண்டவர் கொடுக்குமுன்பே நன்றி சொல்லிவிடுவது அவருடைய விசுவாசம். அவள் அனுப்பிய கட்டுரை அச்சேறுமுன்பே ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, மகளின் கண்டுபிடிப்பை ஆராதனையில் அறிவிக்கவும் வைத்துவிட்டார். சபையே பூரித்துப்போனது.

அப்புறம்தான் தலையில் இடி விழுந்தது. மண்டலத்தின் சாய்வை அவள் தப்பாக எடுத்திருந்தாள். பொருட்காட்சி ராட்டினத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் குதிரைகள் நம்மை நோக்கி வருவதும் விலகுவதும் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஒன்றும் நம்மை நோக்கி வராது. நாம் அளப்பதோ அந்த வரத்தையும் போக்கையும் மட்டும்தான். அவளுடைய மண்டலம் ஏறக்குறைய முழுமுகம் காட்டிக்கொண்டிருந்தது. திருத்திப் போட்டதும் வேகம் எகிறியது. கரும்பொருள் அங்கேயும் இருந்தது.

"அப்பா போற வரைக்கும் வாயத் தொறக்காதட்டி," என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

அவர் முழுவதும் கேட்டார். "ஆண்டவருக்கு முன்னால என்னையப் பொய்யனாக்கிட்டியேட்டி," என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு அவளோடு பேசவேயில்லை. எனக்கு அந்த மனுஷர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாகக் கிடக்கிறவரை என்ன சொல்ல?

அந்த வாரமே போய்விட்டார். குருவானவருக்கு நடந்ததை யாரும் சொல்லியிருக்கவில்லை. அடக்க ஆராதனையில், "மகளுடைய கண்டுபிடிப்பைக் கண்ணாரக் கண்டு ஆண்டவரைத் துதித்துப் போன விசுவாசி," என்று பிரசங்கித்தார்.

ஹெப்சிபா எழுந்தாள். "பேசாம உக்காருட்டி," என்று அவள் சித்தி சேலையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அது தப்புங்கய்யா," என்றாள். "எங்கப்பா பொய் சொல்லல. நாந்தான் தப்பா அளந்துட்டேன். பெட்டிய மூடுறதுக்கு முந்தி, அதையும் சபையில அறிவிச்சிருங்க."