ஒன்பது மணிக்கு முன்னால் வந்த பிரகாஷ்

எங்கள் தெரு எல்லம்மாவுக்கு வாய் நீளம். ஏரியில் இறங்கினால்தான் அது மூடும். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவள் அவள். இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்பதால், இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அந்த ஐந்து மணி நேரம் தெருவுக்கு நிம்மதி.

அப்படிப்பட்டவள், குழுக் கடன் வசூலிக்க வரும் பிரகாஷிடம் மட்டும் ஊமையாக நின்றாள். இறால் படாமல் மூன்று தவணை நின்றுபோயிருந்தது. அவன் காலை ஆறு மணிக்கே வந்து, தெருவே கேட்கும்படி அசிங்கமாகத் திட்டுவான். இறால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், அவன் வைக்கிற விலையோடு அவன் ஏச்சையும் வாங்கிக்கொள்வது இங்கே வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அவன், பொன்னேரியில் நர்சிங் படிக்கும் அவள் மகள் சந்தியாவுக்கே போன் போட்டு, காலேஜ் வாசலில் வந்து மானத்தை வாங்குவேன் என்றான். அதோடு அந்தப் பெண் காலேஜுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "படிப்பே வாணாம்மா" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் பொறுத்த எல்லம்மா, இறால் கூடையோடு பொன்னேரி கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள். கவுச்சி தாங்காமல் ஃபேனைக் கூட்டி வைத்தார்களாம். வக்கீல் வினோதினி விளக்கினார். கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் இந்த மாதிரிக் கடனுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்கு வரக்கூடாது. திட்டவோ, வீட்டு மனிதர்களைத் தொந்தரவு செய்யவோ கூடாது. கடன் கொடுத்த கம்பெனிக்குப் புகாரும் எழுதிக் கொடுத்தார். எல்லம்மா கைநாட்டு வைத்து, அங்கேயே தபாலில் சேர்த்தாள்.

மறுநாள் ஆறு மணிக்குப் பிரகாஷ் ஏரிக்கரையில் நின்று கத்தினான். பல்லில் கயிறு, அவள் திரும்பவே இல்லை.

"தண்ணில ஒளிஞ்சிகினா உட்ருவனா?" என்று பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான்.

இந்த ஏரியில் காலைத் தூக்கி வைத்து நடக்கக்கூடாது, சேற்றில் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். பிரகாஷ் துரையோ கடைத்தெருவில் நடப்பதுபோல் நடந்தார். நாலாவது எட்டில் கெளுத்தி மீனின் முள் காலில் ஏறியது. அவன் போட்ட கூச்சலில் நாரைகள் எழுந்து பறந்தன.

எல்லம்மாதான் காலரைப் பிடித்துக் கரையேற்றித் தன் வாசலில் உட்கார வைத்தாள். முள்ளைப் பிடுங்கி, விஷக் கடுப்பு இறங்க நான் கொண்டுவந்த சுடுதண்ணீர் பக்கெட்டில் அவன் காலை வைத்தாள். பிறகு வாயிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

"மணி இன்னாடா?"

"ஆறரைக்கா."

"ஒம்போதுக்கு மின்ன வரக்கூடாதுனு சட்டம் கீதா இல்லியா? எம்பொண்ணுக்குப் போன் போட நீ யாரு? துட்டு நான் வாங்கனேன், நான் கட்டுவேன். திட்டும் வாங்கிக்கிறேன்னு எந்தப் பேப்பர்ல கைநாட்டு வெச்சேன், காட்டு! நேத்தே உங்கம்பெனிக்குப் புகார் போயிட்சி."

சத்தம் கேட்டுச் சந்தியா வெளியே வந்தாள். பிரகாஷ் தலையைத் தொங்கப்போட்டான். "தப்புதாம்மா. இனிமே போன் பண்ண மாட்டேன்."

சந்தியா குனிந்து அவன் காலைப் பார்த்தாள். "ஒம்போது மணி வரைக்கும் சுடுதண்ணிலயே வெய்ங்க. அப்பறம் டிடி ஊசி போட்டுக்கங்க" என்றாள். உள்ளே போய்க் காலேஜ் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

எல்லம்மா அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை.

"அக்கா, அந்தப் புகார வாபஸ் வாங்கிக்கிறியா?" என்று பிரகாஷ் கெஞ்சினான்.

எல்லம்மா பறிக் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரிக்கு நடந்தாள்.