பப்பாளி இலைச் சாறு

டாக்டர் ஜரினா இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது, அவரும் நானும் வைத்தியம் பார்த்துவந்த எங்கள் அம்பத்தூர் நாய் ஆஸ்பத்திரியில் ஒரு லாப்ரடாரின் காதிலிருந்து உண்ணி எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பாதியில் விட்டிருந்தால் மேடம் திட்டியிருப்பார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் நாயோடு வந்து அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள்தான். நசரத்பேட்டை ஆட்டோக்காரர் சேகர் வாங்கியதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அவருடைய நாய் ராணிக்கு உண்ணிக் காய்ச்சல் முற்றி, மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தது. வயிறெங்கும் சிவப்புப் புள்ளிகள்.

"டெங்கு மாரி ரத்தத்துல பிளேட்லெட் கொறஞ்சுகீதுன்னு லேப்ல சொன்னாங்க டாக்டரம்மா. அதான் ஒரு வாரமா பப்பாளி எலைச் சாறு குட்த்துகினு இருந்தேன். எங்கம்மாவுக்கு அதுலதான் ஏறுச்சு."

மேடம் பாட்டிலைப் பிடுங்கித் தொட்டியில் கொட்டினார். "கிருமியை அழிக்கப் போன எதிர்ப்புச் சக்தி, இப்போ அதோட சொந்த ரத்தத்தையே அழிக்குது. அன்னைக்கே வந்திருந்தா மாத்திரையிலயே சரியாகியிருக்கும். உண்ணியால சாகலை சேகர். உன் சாறாலதான் சாகுது."

ராணி மேசையிலேயே செத்தது. "அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் மேடம்" என்றேன். "அடுத்த நாய்க்கு ஞாபகம் இருக்கும்" என்றார். அன்று எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

இந்த வருடம் மேடத்துக்கே அதேபோல் வந்தது. உண்ணி இல்லை, கிருமி இல்லை; காரணமே இல்லாமல் உடம்பு தன் பிளேட்லெட்டுகளைத் தானே அழித்தது. ஸ்டீராய்டுக்கும் கேட்கவில்லை. கைகளில் அதே சிவப்புப் புள்ளிகள்.

பார்க்கப் போனபோது சேகர் பச்சைச் சாறு நிறைந்த பாட்டிலோடு அவர் அறை வாசலில் நின்றார். "திட்னா திட்டட்டும் சார், எங்கம்மாவுக்கு ஏறுச்சே" என்றார். தடுத்தேன். மேடம் கையை நீட்டி வாங்கி முழுவதும் குடித்தார். அதில் பயனில்லை என்று அந்த அறையில் அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை.

"இவ்ளோ கசக்குது. ராணி எப்படி சேகர் குடிச்சா?"

"நான் குட்த்தா குடிக்கும் டாக்டரம்மா."

மேடம் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார். சேகருக்கு நான்தான் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "என் சாறாலயா சார்?"

இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். அவர் நம்பவில்லை. ராணி செத்த அன்று டாக்டரம்மா சொன்னதைத்தான் நம்புகிறார். மேடத்தின் மைக்ராஸ்கோப் இப்போது என் மேசையில் இருக்கிறது. கூடவே அந்த ஒரு வாக்கியமும் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் சேகரிடமிருந்து திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை.