ஐந்தாவது வட்டத்தை நிரப்பியவர்

அன்று என் கடையில் நிற்க இடமில்லை. அரசுப் பணித் தேர்வுக்கான ஹால் டிக்கெட் வெளியான நாள். அலங்காநல்லூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நான் நடத்தும் கணினி மையம் சின்னது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டூவீலரில் வந்த பிள்ளைகள் வாசல் வரைக்கும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணின் ஹால் டிக்கெட் பாதி அச்சாகி வந்தபோது, கூடப் படித்த செல்வி போன் செய்தாள். எடுத்ததுமே அழுகைதான் கேட்டது.

"பாண்டிண்ணே, நம்ம அந்தோணியண்ணே போயிட்டாருண்ணே. ஆபீசுலயே விழுந்துட்டாராம். ஆம்புலன்ஸ்ல கொண்டுபோறப்பவே முடிஞ்சு போச்சாம்."

"வாய்க்கு வந்ததச் சொல்லாத. யாரு சொன்னா? ஒழுங்கா விசாரிச்சியா?" என்று கத்தினேன். எனக்குத் துக்கம்கூடக் கோபமாகத்தான் வரும், அது நம் குழுவில் உங்கள் எல்லாருக்கும் தெரியும். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, "அண்ணே, கறுப்புப் பேனா மட்டுந்தான கொண்டு போகணும்?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மிச்சப் பேரை நாளைக்கு வரச் சொன்னேன். ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரோரம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடிப் படித்த நம் குழுவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்று நீங்கள் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு அலுவலகத்தில் இருக்கிறீர்கள். என்னைப் போல் தேர்வை விட்டுவிட்டு வேறு பிழைப்புக்குப் போனவர்களும் உண்டு. ஆனையூரிலிருந்து பழைய சைக்கிளை மிதித்துக்கொண்டு, வண்டியூர் வரைக்கும், எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் அந்தோணியண்ணனை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம்மில் பலரைவிட அவருக்கு வயது கூடுதல். கல்யாணமாகிப் பிள்ளையும் இருந்தது. ஒரு மிஷன் பள்ளிக்கூட அலுவலகத்தில் தற்காலிக வேலை. ஆனாலும் பாடம் எடுக்கிறேன் என்று அவர் ஒருநாளும் நின்றதில்லை. நமக்கு எது புரியவில்லையோ அதுவேதான் அவருக்கும் புரியாது.

நான் குழுவில் சேர்ந்த முதல் வாரம் திறனறிவுப் பகுதியில் வேலையும் நேரமும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் ஒரு வேலையை இத்தனை நாளில் முடிப்பார், இன்னொருவர் அத்தனை நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள் என்கிற வழக்கமான கணக்கு. நான் பொறுக்காமல், "எங்க வயல்ல களையெடுக்க ஆளு கூடுனா வேல குறையாதுண்ணே. பேச்சுத்தான் கூடும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது கெடக்கட்டும் மாப்ள. இந்த ரெண்டு பேருல ஒருத்தருக்காச்சும் ஒரு நா காச்ச வந்திருக்காதா? பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்க மாட்டாளா? எப்படித்தான் தவறாம வேலைக்கு வாராங்களோ!" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கணக்குப் பக்கம் வரும்போதெல்லாம், "காச்ச வராத ரெண்டு பேரு வந்துட்டாங்கப்பா" என்பது நம் குழுவின் பேச்சாகவே ஆகிப்போனது.

தேர்வு எழுதாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள். நான்கு வட்டங்கள் நான்கு விடைகளுக்கு. ஐந்தாவது வட்டம், 'விடை தெரியவில்லை' என்பதற்கு. ஏதாவது ஒன்றை நிரப்பியே ஆக வேண்டும், காலியாக விடக் கூடாது. எந்த வட்டத்தை எத்தனை தடவை நிரப்பினோம் என்பதையும் கடைசியில் எண்ணி எழுதித் தர வேண்டும். ஆனால் தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதனால் மூளையுள்ள எவரும் அந்த ஐந்தாவது வட்டத்தைத் தொட மாட்டார்கள். தெரியாத கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை நிரப்பினால், நாலில் ஒன்றாவது பலிக்காதா என்கிற நப்பாசை. செல்வி தெரியாததற்கெல்லாம் ஒரே வட்டத்தை வரிசையாக நிரப்பிக்கொண்டே போவாள். நான் அந்தந்த நேரத்தில் கை போனபடி போடுவேன்.

அந்தோணியண்ணன் தெரியாததற்கு ஐந்தாவது வட்டத்தை நிரப்பினார். விளையாட்டுக்கு இல்லை, உண்மையாகவே.

ஒரு தேர்வில் ஒரே ஒரு கேள்வியில் அவருக்கு வேலை கைநழுவிப் போனது. கட் ஆஃப் மதிப்பெண் வந்த அன்றைக்குத்தான் அவர் இப்படிச் செய்கிற விஷயமே நமக்குத் தெரிந்தது. "கடைசியா எண்ணி எழுதுறப்போ அஞ்சாவது வட்டம் எத்தனண்ணே இருந்துச்சு?" என்று செல்வி கேட்டாள். அவர் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "அம்புட்டையும் தூக்கிப் போட்டுட்டா வந்தீங்க? கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருந்தாலே ரெண்டு மூணு அடிச்சிருக்குமே! உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்று அத்தனை பேர் முன்னாலும் திட்டினேன். அவர் கோபப்படவில்லை. "தெரியலன்னு சொல்றதுக்கு அவனே ஒரு வட்டம் குடுத்திருக்கான் மாப்ள. அதப் பக்கத்துல வச்சுக்கிட்டு, தெரிஞ்சவன் மாதிரி இன்னொண்ணுல எப்படிப் பேனா வைக்கிறது?" என்றார். இந்த ஆளைத் திருத்தவே முடியாது என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். அடுத்த ஞாயிறு அவர்தான் எனக்கும் சேர்த்துப் பருத்திப்பால் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அதற்கு அடுத்த தேர்வுதான் அவருக்குக் கடைசி என்று வீட்டில் முடிவாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தத் தற்காலிகப் பணியை அந்த வருடத்தோடு எடுத்துவிடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ரீட்டா அண்ணியின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். இந்தத் தடவையும் கிடைக்கவில்லையென்றால் வீட்டைக் காலி செய்துகொண்டு அங்கே போய்விட வேண்டியது, தேர்வு என்ற பேச்சையே இனி எடுக்கக் கூடாது என்பது அண்ணியின் தீர்மானம். அவரைக் குறை சொல்ல முடியாது. எத்தனை வருடத்துக்குத்தான் ஒரு பெண், படிக்கிறேன் என்று சொல்லும் புருஷனை வைத்துக் குடும்பம் ஓட்டுவார்? ஆனையூரையும் மகள் படிக்கும் பள்ளியையும் விட்டுப் போக அண்ணனுக்கு மனமே இல்லை. அது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

தேர்வு நாளன்று அண்ணி மகள் ஜோவியையும் கூட்டிக்கொண்டு மையத்துக்கே வந்துவிட்டார். கேட்டுக்கு முன்னால் நாம் எல்லாரும் நிற்கும்போதே சொன்னார்: "இங்க பாருங்க, தெரியாததுக்கெல்லாம் ஏதாச்சும் ஒண்ணப் போட்டுட்டு வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஜோவி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்ல மாட்டேன். நீங்களாப் பாத்து நடந்துக்கங்க." அண்ணன் சரி என்றார். பிறகு வழக்கம்போல, நீலப் பேனாவோடு வந்து கேட்டில் முழித்துக்கொண்டு நின்ற யாரோ ஒரு அம்மாவுக்குத் தன்னிடமிருந்த இரண்டாவது கறுப்புப் பேனாவைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ஒவ்வொரு தேர்வுக்கும் அவர் இரண்டு பேனா கொண்டுவந்ததே அப்படி ஒருவர் நிற்பார் என்பதற்காகத்தான்.

சாயங்காலம் தெப்பக்குளத்தில் கூடினோம். நான் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தி, "போட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேனாவ வச்சேன் மாப்ள. ரீட்டா மொகமும் வந்துச்சு, ஜோவி மொகமும் வந்துச்சு. ஆனா கை வரல." அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு நான் திட்டவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டில் போய் அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அண்ணி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

முடிவு வரும்வரை அந்த வீட்டில் அட்டைப்பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. நான் போகும்போதெல்லாம் ஜோவி அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். முடிவு வந்த அன்று என் கடையில்தான் அவர் எண்ணை அடித்துப் பார்த்தோம். பட்டியலின் கடைசிப் பக்கங்களில் இருந்தார். கலந்தாய்வில் காலியிடம் தீரும் தறுவாயில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. நான் அவரைக் கட்டிப்பிடித்துக் கூச்சல் போட்டேன். எனக்கே கிடைத்திருந்தால்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டேன். ரீட்டா அண்ணி இனிப்பைக் கையில் கொடுத்து, "இது என் ஜெபத்துல கெடச்ச வேல தம்பி. உங்க அண்ணன் புத்தியில கெடச்சதுன்னு யாரும் சொல்லிறாதீங்க" என்றார். அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே பெட்டிகளைப் பிரித்தார்.

ஒரு தடவை அப்பாவின் பட்டா விஷயமாக அவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா ஏதோ சான்றிதழ் பற்றிக் கேட்டார். "எனக்குத் தெரியலம்மா. இப்படி உக்காருங்க, கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் மாடிக்குப் போனார். திரும்பி வந்து விவரமாகச் சொன்னார். அந்த அம்மா போனதும் அடுத்த இருக்கைக்காரர், "என்ன சார், பொதுமக்ககிட்டப் போயி தெரியலன்னா நமக்கு என்ன மரியாத இருக்கும்?" என்றார். "தெரிஞ்ச மாதிரி சொல்லி அந்தம்மாவ நாலு எடம் அலைய விட்டா மட்டும் மரியாத கூடுமா சார்?" என்று அண்ணன் கேட்டார். எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ பேர் கையை நீட்டி ஏதோ ஒரு திசையைக் காட்டி என்னை அனுப்பியிருக்கிறார்கள். தெரியவில்லை என்ற வார்த்தையை ஒரு அரசு மேசைக்குப் பின்னாலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். வெளியே வந்து டீ குடிக்கும்போது, தேர்வு விஷயத்தில் நான் அவரைத் திட்டியதைப் பற்றி இருவருமே பேசவில்லை. டீக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

அந்த மேசையில்தான் விழுந்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து முழுசாக நாலு வருடம்கூட ஆகவில்லை. நெஞ்சு வலி என்று ஒருநாளும் யாரிடமும் சொன்னவரில்லை. வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லை. அண்ணி கடைவீதியில் இருந்திருக்கிறார், ஜோவி பள்ளிக்கூடத்தில். ஆம்புலன்ஸில் கூடப் போனவர் அந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர். அவரும் பதறிப்போய் ஒன்றும் ஒழுங்காகச் சொல்லும் நிலையில் இல்லை.

கோயிலில் பூசை முடிந்து, கல்லறைக்குப் போய், எல்லாம் முடிந்து ஆனையூர் வீட்டுக்குத் திரும்பினோம். பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோவியைச் சுற்றி உறவுக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "கடைசி மூச்சுலயும் ஒன் பேரத்தான் சொன்னாராம்டி", "எம்புள்ள எங்க, எம்புள்ள எங்கன்னு கேட்டாராம்டி" என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அழவே இல்லை. காலையிலிருந்து அவள் அழவில்லை என்று அண்ணி அந்தத் துக்கத்திலும் பயந்துபோய் என்னிடம் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து நான் நின்ற இடத்துக்கு வந்தாள்.

"சித்தப்பா, ஆம்புலன்ஸ்ல அப்பாகூட நீங்க இருந்தீங்களா?"

"இல்லடா."

"அப்பா என்னயத் தேடுனாங்களா?"

ஆமாம் என்ற சொல் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் யார் என்னைக் குறை சொல்வார்கள்? தகப்பனை இழந்த பிள்ளை, அப்பா தேடினார் என்று கேட்க ஏங்கி நிற்கிறாள். தேடியிருப்பார் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் தோன்றுவது வேறு, தெரிவது வேறு. அண்ணன் பேனாவை வைத்துவிட்டுக் கை வராமல் உட்கார்ந்திருந்த அந்தத் தேர்வறை, நான் பார்த்தே இராத அந்த அறை, அப்போதுதான் என் கண்ணுக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

"தெரியலடா" என்றேன். "நா அங்க இல்ல. சத்தியமா எனக்குத் தெரியலடா."

அவள் அந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "இவங்க யாருமே அங்க இல்ல. ஆனா எல்லாரும் தேடுனாங்க தேடுனாங்கங்கறாங்க. அப்பாவா இருந்தா நீங்க சொன்ன மாதிரிதான் சொல்லியிருப்பாங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உதடு கோணிக்கொண்டு வந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா... அப்பா..." என்று அப்படி அழுதாள். நானும் அழுதேன். பந்தலில் நாற்காலி அடுக்கியவர்கள் கையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

இப்போது என் கடைக்கு வரும் பிள்ளைகள், "அண்ணே, இந்தத் தடவ எனக்குக் கெடச்சிருமா?" என்று கேட்பதுண்டு. முன்பெல்லாம் கட்டாயம் கிடைக்கும் போ என்று சொல்லி அனுப்புவேன். இப்போது தெரியலப்பா என்று சொல்லிவிட்டு, மேசையில் வாங்கி வைத்திருக்கும் கறுப்புப் பேனாவில் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறேன். அந்தோணியண்ணே, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த இரண்டும்தான். நீங்கள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் குளத்துப் பக்கம் எப்படிப் போவது என்று கேட்டால், அதுவும் எனக்குத் தெரியலண்ணே.