போணியை மறுத்த செருப்புக் கடைக்காரர்

பிழைப்புக்காக நல்லூருக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தவை சேலைக்குக் கீழே தெரிந்த ஷூக்கள்தான். காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையும் கையுமாக பனியன் கம்பெனிக்கு விரையும் பெண்களில் பாதிப் பேர் ஷூ போட்டிருப்பார்கள். சாத்தான்குளம் பக்கத்து எங்கள் ஊரில் ஷூ என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் போலீஸ்காரரும் போடுவது. இதென்ன கூத்து என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். ஆறே மாதத்தில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று மேசை முன்னால் நின்றபடியே பார்க்க வேண்டும். பகல் முழுக்க சிமெண்ட் தரை. போக வர அரை மணி நேர நடை வேறு. ரப்பர் செருப்பு தேய்ந்து காகிதமாகிவிட்டது. காலையில் பாயை விட்டு எழுந்தால் குதிகாலில் ஆணி அடித்ததுபோல் வலிக்கும். "முடியலன்னா ஊருக்கே போயிருவோம்" என்றார் வீட்டுக்காரர். எனக்குப் போக மனமில்லை. ஊரில் நான் இன்னார் மகள், இன்னார் பெண்டாட்டி. இங்கே, "மேரியக்கா பார்த்த பீஸ் திரும்பி வராது" என்கிறார்கள். அந்தப் பேச்சை விட்டுப் போக யாருக்கு ஆசை வரும்?

ஒரு ஞாயிறு காலை, சர்ச்சில் பூசை முடிந்து, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே செருப்புக் கடை திறந்ததுமே ஷூ வேண்டும் என்று போய் நின்றேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார். "பனியன் கம்பெனிங்களா? இப்ப வேண்டாமுங்க. வேலை முடிஞ்சு ஒரு நாளைக்குச் சாயங்காலமா வாங்க." எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கம் முதல் போணிக்கு வந்தவரை எந்தக் கடைக்காரரும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். இவர் மரியாதையாகவே விரட்டுகிறாரே, தெற்கத்தி ஆள் என்றால் இளக்காரமா? விருட்டென்று வெளியே வந்து, அடுத்த தெருவில் கச்சிதமாக இருந்த ஒரு ஜோடியை வாங்கிக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் கடை முன்னாலேயே வீம்பாக நடந்தேன்.

வீம்பு மறுநாள் மூன்று மணி வரைக்கும்தான் தாங்கியது. பிறகு ஷூ கடிக்க ஆரம்பித்தது. நான்காம் நாள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சூப்பர்வைசர் பெண் பார்த்துவிட்டாள். "ஏனுங்கக்கா, சிரமமா இருந்தா உக்காந்து நூல் பிசிறு வெட்டற வேலைக்கு மாத்திடட்டுங்களா?" அன்பாகத்தான் கேட்டாள். ஆனால் பிசிறு வெட்டப் போனால் 'மேரியக்கா பார்த்த பீஸ்' என்ற பேச்சு போய்விடுமே; மேசையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

அன்று மாலை நொண்டிக்கொண்டு போனபோது அந்தக் கடைக்காரரே கூப்பிட்டார். "அன்னைக்குக் கோவிச்சுட்டுப் போனீங்களே, உள்ளார வாங்க." உட்கார வைத்துச் சொன்னார்: "நின்னு வேலை செய்யறவங்களுக்குக் காலையில கால் ஒரு அளவு, சாயங்காலம் வீங்கி ஒரு அளவுங்க. அதனாலதான் கம்பெனி ஆளுங்களுக்குக் காலையில நான் ஷூ குடுக்கறதில்லீங்க."

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லறதுக்குள்ள நீங்க ரோட்டுக்குப் போயிட்டீங்க."

வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கறுப்புக் கேன்வாஸ் ஷூவை எடுத்து, முன்பக்கம் மட்டும் மடங்குகிறதா என்று வளைத்துப் பார்த்தார். போட்டு நின்றதும் என் கால்விரல் முனையில் தன் கட்டைவிரலால் அழுத்தி இடம் பார்த்தார். "இது ஆம்பளை ஷூ மாதிரில்லா இருக்கு?" என்றேன். "அகலமா இருக்குதுல்லீங்க, அது போதும்."

போதும்தான். மறுநாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கால் என்று ஒன்று இருப்பதே மறந்து நடந்துகொண்டிருந்தேன். நினைவு வந்ததும் நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. ஒரு வருடமாகிறது, ஷூவில் ஒரு தையல் விடவில்லை. பிசிறு வெட்டும் பேச்சையும் யாரும் எடுக்கவில்லை.

இந்த மே மாதம் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி அக்கா வீட்டுக்குப் போகும் வழி, செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரி. நாலு எட்டு வைப்பதற்குள் ஷூ புதைந்து மணல் நிரம்பிவிட்டது. கழற்றிக் கையில் எடுத்தேன். சிறு வயதில் வெறுங்காலோடு ஓடித் திரிந்த அதே மணல் உள்ளங்காலைப் பொசுக்கியது. கூப்பிட வந்த அக்கா கைகொட்டிச் சிரித்தாள். "ஏட்டி, நம்ம மண்ணே ஒனக்குச் சுடுதா?" கைக்கொரு ஷூவாகப் பிடித்துக்கொண்டு, ஒரு பனையின் நிழலிலிருந்து அடுத்த பனையின் நிழலுக்கு ஓடினேன்.