ரேஸுக்கு மாட்டிய ஷாக்

ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ரேஸ்'. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். நாற்பத்தெட்டு வயதில், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரை மூன்றாம் கையாக வாங்கினார். அதில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அவர் போய் யாரும் பார்த்ததில்லை. சைக்கிள்காரன் மணியடித்தால்கூட ஒதுங்கி வழிவிடுவார். பெயர் வந்தது அதனால்தான்.

அந்தக் காரில் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சர்பர் கரண்டில் வேலை செய்வது. கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் வண்டி மெத்தென்று போகும், மறுபடி அமுக்கினால் விறைத்துக்கொள்ளும். வாங்கிய புதிதில் விறைப்பாகவே வைத்து ஓட்டினார். "இவரு கூடப் போனா ரோட்டுல கெடக்குற தீக்குச்சியைக்கூட எண்ணிச் சொல்லிடலாம் தம்பி" என்று அவர் மனைவி ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

போன வருஷக் கடைசியில் நான்கு ஷாக்கும் எண்ணெய் கசிந்து செத்துப்போயின. அதே மாதிரி புதிதாக வாங்கினால் காரின் பாதி விலை ஆகும். சாதாரண ஷாக் மாட்டிவிடலாம் என்றேன். "சரி தம்பி. பொத்தானை அமுக்கினாலும் தூக்கித் தூக்கிப் போடுது. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்றார். ஐம்பதைத் தாண்டாத மனிதருக்கு என்ன அவசரம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் வாய்க்கு ஓய்வு கிடைத்தால்தானே காது வேலை செய்யும்.

சாதாரண ஷாக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று மெத்தென்றது, இன்னொன்று ரேஸ் ஓட்டுபவர்களுக்கான விறைப்பானது. பொத்தான் கிடையாது, மாட்டினால் மாட்டியதுதான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெயரை வைத்ததும் நாங்கள்தான், அதை நம்பிய முட்டாளும் நான்தான். ஆளை அசத்திவிட வேண்டும் என்று ரேஸ் செட்டை வரவழைத்தேன். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் முழுவதும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கீழ் போல்ட்டுகளை இறுக்கினேன். அந்தரத்தில் இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். அவ்வளவு அக்கறை எனக்கு.

"இனி வளைவுல அசையவே அசையாது சார்!" என்றேன்.

அவர் புது ஷாக் வந்த காலி அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தார். "நல்லா பண்ணியிருக்கீங்க தம்பி" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து வந்தார். பழைய ஷாக்கைக் காணாமல் வண்டியின் கம்ப்யூட்டர் சிவப்பு லைட்டைப் போட்டுக்கொண்டே இருந்தது. அதை அணைக்கப் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தேன். சீட்டில் மூன்று தலையணை, மேலே மடித்த கம்பளி.

"என்ன சார், பெட்ரூமையே கொண்டு வந்துட்டீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "உங்க அக்காவுக்கு முதுகெலும்புல கேன்சர் தம்பி. வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். பள்ளம் வந்தா கண்ணை மூடிக்கிறா."

வாடகைக் காரில் போகக் கூடாதா என்று மட்டும் கேட்டேன்.

"போனா நம்ம வண்டியிலதான் வருவேன்னு அடம் பிடிக்கிறா."

"அன்னைக்கே ஏன் சார் எங்கிட்ட சொல்லலை?"

"அவ்வளவு ஆசையா மாட்டியிருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கே மெத்தென்ற செட்டுக்குச் சொன்னேன். பார்ட்ஸ் கடைக்காரர் என் நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்காத அளவுக்கு நச்சரித்தேன். பன்னிரண்டாம் நாள்தான் வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் அவர் வண்டியை விட்டு, சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பிடக்கூடப் போகாமல் வேலையை முடித்தேன். மதியம் வந்தார்.

"இனி அக்காவைத் தூங்க வச்சே கூட்டிட்டுப் போகலாம் சார்" என்றேன்.

"நேத்து அவளை ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துக்கிட்டாங்க தம்பி. இனிமே உக்கார முடியாதாம். வீட்டுக்கு அனுப்பினாலும் ஆம்புலன்ஸ்லதானாம்."

அப்படியானால் காலையில் எதற்கு வண்டியை விட்டீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "ஏறுங்க தம்பி."

ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் ஓட்டினார். முதல் பள்ளம் வந்தது. ஒதுக்காமல் அதிலேயே இறக்கி ஏற்றினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

அடுத்த பள்ளத்திலும் கேட்டார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அது பொய்யாக இருந்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நிஜமாகவே கொஞ்சம்கூட வலிக்கவில்லை.