பாத்திரக்கடை பாயும் வால்வுப் பெட்டியும்

சுவிட்சைப் போட்டதும் அது எரிந்துவிடாது. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு முகப்பிலுள்ள சிறு கண்ணாடிக்குப் பின்னால் பழைய ரேடியோவில் இருப்பவை போன்ற இரண்டு வால்வுகளும் மெல்லச் சிவந்து, ஆரஞ்சு நிறத்துக்கு வந்து நிற்கும். சென்னையில் ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்ற அந்தப் பெட்டி பார்சலில் வந்து சேர்ந்த அன்று, இதைப் பார்ப்பதற்காகவே ஏழெட்டு முறை அணைத்து அணைத்துப் போட்டேன். ராஜபாளையத்தில் சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறவள், முப்பத்தைந்து வயதைத் தாண்டியவள், சாப்பாட்டை மறந்துவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரு பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். யாராவது எட்டிப் பார்த்திருந்தால் மானம் போயிருக்கும்.

அந்தப் பெட்டியின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒலியை ஒரு கருவி தாங்கும் எல்லைக்குச் சற்று மேலே தள்ளினால் அதன் கூர்மை லேசாக மழுங்கும். அப்படி மழுங்கும்போது மூலச் சுரத்துக்கு மேலே புதிதாகச் சில சுரங்கள் முளைக்கும். அவற்றை ஹார்மோனிக்ஸ் என்கிறோம். அளவோடு முளைத்தால் மெலிந்த குரலுக்குச் சதை பிடிக்கும், சின்ன ஃபோன் ஸ்பீக்கரில்கூட எடுப்பாகக் கேட்கும். அளவு தப்பினால் கரகரப்புதான். எங்கள் தொழிலில் இதற்கு சாச்சுரேஷன் என்று பெயர். கணினிக்குள்ளேயே இயங்கும் மென்பொருள் போதுமா, பழைய டேப் இயந்திரம் தேடலாமா, வால்வுதான் வேண்டுமா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வால்வு என்று முடிவு செய்திருந்தேன். எல்லாவற்றையும் யோசித்தேன். அது எந்தக் கரண்டில் ஓடப்போகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

என் கூடம் இருக்கும் தெரு முழுக்க மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். பஞ்சை அடைத்தாலும் பலகையை அடித்தாலும் அந்தச் சத்தம் சுவருக்குள் புகுந்து வந்துவிடும். அதனால் கீபோர்டு வாசிப்பது, ஒலிக் கலவை செய்வது எல்லாம் மற்ற நாட்களில் நடக்கும். குரல் பதிவு மட்டும் மாதத்துக்கு ஒரு நாள், பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நிறுத்தும் அந்த ஒரு நாளில்தான். ஊரே கரண்ட் இல்லையே என்று அலுத்துக்கொள்ளும் நாள் எனக்குத் தீபாவளி. லேப்டாப்புக்கு அதன் பேட்டரி, விளக்குக்கும் விசிறிக்கும் இன்வெர்ட்டர் என்று ஓட்டிவிடுவேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய் என்னிடம் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஐம்பதைத் தாண்டியவர், சட்டைப் பையில் எப்போதும் மடித்த காகிதம் வைத்திருப்பார். நபி புகழ் பாடும் பாட்டு ஒன்றைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, இருபது வருஷமாகக் கல்யாண வீடுகளில் பாடி வந்தார். சுற்று வட்டாரத்தில் அதைக் கேட்காத முஸ்லிம் குடும்பம் கிடையாது. ஆனால் ஒழுங்கான பதிவு ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் பிரியாணிக் கரண்டிச் சத்தத்தோடு ஃபோனில் எடுத்தவை. "பொறவு பாத்துக்கலாம், பொறவு பாத்துக்கலாம்னே ஓடிப்போச்சும்மா" என்றார். இப்போது கழுத்தில் தைராய்டுக் கட்டி. மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். குரலுக்கான நரம்பு அதை ஒட்டியே போகிறது, குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்கு முன் மிச்சமிருந்தது ஒரே ஒரு மின்தடை நாள்.

பெட்டியை அவரிடம் காட்டி, ஹார்மோனிக்ஸ் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினேன். நான் பாதி தூரம் போவதற்குள் அவர் சிரித்துவிட்டார். கடையில் நாள் முழுக்க அவர் செய்வதே அதுதானாம். வருகிறவர்களுக்குக் குடத்தைச் சுண்டிக் காட்டுவது. "பித்தளைக் குடமும் அலுமினியக் குடமும் ஒரே சுதில நின்னாலும், பித்தளை தனியா வராதும்மா. கூட நாலு பேரக் கூட்டிட்டு வரும்" என்றார். மூன்று மாதம் நான் இணையத்தில் படித்ததை மனிதர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு ஏற்பட்ட உற்சாகத்துக்கு அளவே இல்லை. இந்தப் பாட்டைப் பித்தளையாக்கிக் காட்டுகிறேன் பாய் என்று வாக்கே கொடுத்தேன்.

அந்த நாளும் வந்தது. ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்று, அடுத்த தெருவில் குக்கர் விசிலடிப்பதுகூடக் கேட்டது. பாயை மைக் முன்னால் உட்காரவைத்து, பெட்டியை இன்வெர்ட்டரில் செருகி, ஹெட்ஃபோனை மாட்டினேன். காதுக்குள் ஒரு வண்டுக் கூட்டம். பழைய வகை இன்வெர்ட்டரில் விசிறி ஓடினால் முனகும் அல்லவா, அதே முனகலைப் பெட்டி வாங்கிப் பத்து மடங்காக்கிக் கொடுத்தது. ஒயரை மாற்றினேன், விசிறியை நிறுத்தினேன், பெட்டியைத் தூக்கிப் போய் அடுப்படியில் வைத்துப் பார்த்தேன். கரண்ட் இருந்தால் தறி கத்துகிறது, தறி நின்றால் பெட்டி கத்துகிறது. ஊரில் இதைவிட அறிவாளித்தனமாக யாரும் ஒரு பெட்டி வாங்கியிருக்க முடியாது. வியர்த்துக் கொட்ட நான்கு மணி நேரத்தைத் தின்றுவிட்டேன். பாய் அவ்வளவு நேரமும் வெந்நீரைக் குடித்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். ஆனால் பேசப் பேச அவருக்குத் தொண்டை கட்டத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. பயம் வந்தது, அழுகையும் வந்தது.

ஒரு மணிக்குப் பெட்டியைக் கழற்றி மூலையில் வைத்தேன். மைக்கை நேராக லேப்டாப் பேட்டரியில் ஓடும் சின்னக் கருவியில் செருகி, எந்த அலங்காரமும் இல்லாமல் பதிவு செய்தோம். நான்கு சரணங்களையும் மூன்று தடவை பாடினார். மூன்றாவது தடவை கண்ணை மூடியவர், பாடி முடித்தும் திறக்கவில்லை. பிறகு போட்டுக் கேட்டோம். சுத்தமாக இருந்தது. ஆனால் கட்டியின் அழுத்தத்தால் குரல் மெலிந்திருந்ததை மைக் அப்படியே பிடித்திருந்தது. "அலுமினியந்தாம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகிறேன் என்றவரை ஐந்து மணிவரை இருக்கச் சொல்லிக் கெஞ்சினேன். மண்டைக்குள் ஒன்று பளிச்சென்றிருந்தது. குரலைத்தான் மௌனத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டிக்கு மௌனம் எதற்கு? பதிவான குரலைக் கரண்ட் வந்த பிறகு பெட்டிக்குள் அனுப்பி, ஒயர் வழியாகவே திரும்ப வாங்கிக்கொண்டால் தறிச் சத்தம் எங்கே நுழையும்? விவரமறிந்தவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். பதிவின்போதே ஏற்றிய சாச்சுரேஷனை யாராலும் திரும்ப இறக்க முடியாது என்று நானே படித்திருந்தேன். புதுப் பெட்டி மோகத்தில் மறந்துபோயிருந்தேன்.

ஐந்து மணிக்குத் தறிகள் ஒரே சமயத்தில் தடதடக்க, கண்ணாடிக்குப் பின்னால் வால்வுகள் சிவந்தன. இருவரும் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டோம். பெட்டி முகப்பிலிருந்த திருகைக் கொஞ்சம் திருப்பினேன், மாற்றமில்லை. இன்னும் கொஞ்சம். அப்போது மெலிந்திருந்த அந்தக் குரலின் அடியிலிருந்து ஒரு கனம் எழுந்து வந்தது பாருங்கள், கை மயிர் சிலிர்த்துவிட்டது. பாய் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். நான் மேலும் திருப்பினேன். ஆஹா ஆஹா என்று இன்னும் திருப்பினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சத்தம் கூடுனதால நல்லாருக்கா, இல்ல நெசமாவே நல்லாருக்கா? ரெண்டையும் ஒரே சத்தத்துல வச்சுக் காட்டும்மா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடுதல் சத்தம் எப்போதும் காதை ஏமாற்றும். ஒலி அளவைச் சமமாக்கிய பிறகுதான் ஒப்பிட வேண்டும். தொழிலின் முதல் பாடத்தைப் பாத்திரக்கடைக்காரர் எனக்கு நினைவுபடுத்தும்படி ஆகிவிட்டது. சமமாக்கிக் கேட்டபோது, நான் மயங்கி நின்ற இடம் அப்பட்டமான கரகரப்பு. "இது கீறல் விட்ட அண்டா" என்றார். ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று இறக்கிக்கொண்டே வந்து, அவர் தலையசைத்த இடத்தில் திருகின் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டேன். பாட்டு முழுவதையும் அந்த அளவிலேயே எடுத்தோம். முடிந்ததும் பாய் தன் மனைவிக்கு ஃபோன் போட்டு, ஹெட்ஃபோனை அதன் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாவுக்கு என்ன கேட்டிருக்கும் என்று தெரியவில்லை. இவர் முகம் மட்டும் அப்படி மலர்ந்திருந்தது.

பாட்டு பரவியது. கல்யாண மண்டபங்களில், ஃபோன்களில், ராஜபாளையம் டவுன் பஸ்ஸில்கூட ஒருமுறை கேட்டேன். ஆனால் ஆபரேஷன் முடிந்த பிறகு பாய்க்குப் பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். கடைக்குப் போனபோது விலையைக்கூட விரலால்தான் காட்டினார். வாடிக்கையாளர் ஒருவரின் ஃபோனில் பாயின் பாட்டே அழைப்பு மணியாக ஒலித்தது. பாய் குனிந்து குடங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார். இவ்வளவு அழகாக அதைச் செய்து கொடுத்தது நான்தானே என்று அன்று எனக்கு உறுத்தியது.

போன மாத மின்தடை நாளில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பேச்சுப் பயிற்சிக்குப் போகிறாராம், செத்த நேரம் பாடிப் பார்க்கவா என்று கேட்டார். குரல் தடித்து, தாழ்ந்து, இடையிடையே விட்டுவிட்டு வந்தது. ஆனால் குரல்தான் அது, காற்றில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கை வைத்தேன், ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். இப்போது நல்ல இன்வெர்ட்டர் இருக்கிறது, பெட்டி முனகுவதில்லை. பதிவை வெறுமையாக எடுத்தாலும், அவர் காதில் மட்டும் பெட்டி வழியாகக் கனமாகக் கேட்கட்டும், தெம்பாக இருக்கும் என்று நினைத்து அதன் சுவிட்சைப் போட்டேன். பென்சில் கோடு அங்கேயே இருந்தது. அவர் என் கையைப் பார்த்துவிட்டார்.

"இன்னைக்கு அது வேண்டாம்மா. நான் எம்புட்டு மிச்சம் இருக்கேன்னு எனக்குத் தெரியணும்."

வால்வுகள் சிவப்பதற்குள் ஒயரைப் பிடுங்கிவிட்டு ரெக்கார்டை அழுத்தினேன். முதல் வரி பாதியிலேயே உடைந்தது. நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது வரியில் பாய் வந்துவிட்டார்.