வராத கடைசி ஆறு பாகங்கள்

அயன் பெட்டியின் சூட்டில் ஈரத்துணி ஆவி விடுகிற அந்த வாசனை... இன்றைக்கும் அது மூக்கில் பட்டால் எனக்குப் பின்னேரம் நாலு மணி ஆகிவிடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திமூன்று வயது. இத்தாலியில், பலெர்மோ நகரில், லிபெர்த்தா தெருப் பக்கம் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சின்யோராவை, பார்த்துக்கொள்ளும் வேலை. சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கியதும் டிவியைச் சத்தம் குறைத்துப் போட்டுவிட்டு அயன் பண்ணுவேன்.

அப்படித்தான் அந்தக் கார்ட்டூனில் மாட்டிக்கொண்டேன். போர் நடக்கும் ஒரு ஊர். சனத்தோடு சனமாகப் பாலம் கடக்கும்போது ஒரு பெண் தன் தம்பியின் கையைத் தவறவிடுகிறாள். பிறகு ஒவ்வொரு நாளும் அவனைத் தேடுகிறாள். முகாமில் வரிசையில் நிற்கிறாள், பொய் சொல்கிறாள், ஒருநாள் பசிக்குப் பாண் களவெடுக்கிறாள். பூனை எலியைத் துரத்துகிற விளையாட்டெல்லாம் அதில் இல்லை.

அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணத்தில் எங்கள் சனமும் ஒரு பாலத்தைக் கடந்து வெளியேறியிருந்தது. அதற்குள் என் தம்பியும் இருந்தான். அதன்பிறகு கடிதமும் இல்லை, கண்டதாகச் சொல்ல ஆளும் இல்லை.

இத்தாலிச் செய்தியில் எங்கள் ஊர் ஒரே ஒருநாள் அரை நிமிடம் வந்தது. கார்ட்டூனில் தினமும் அரை மணித்தியாலம் வந்தது.

சொன்னால் சிரிப்பீர்கள்... அவள் தம்பியைக் கண்டுபிடித்தால் என் தம்பியும் கிடைப்பான் என்று நேர்த்தி வைத்த மாதிரி நினைத்துக்கொண்டேன்.

டிவிக்காரருக்கு அது வெறும் கார்ட்டூன். கால்பந்து வந்தால் பாதியில் வெட்டினார்கள். பத்தாம் பாகத்துக்குப் பிறகு பன்னிரண்டைப் போட்டார்கள். ஒருவர் செத்துப்போகும் காட்சியைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த நாள் எல்லோரும் ஏன் அழுகிறார்கள் என்று தெரியாமல் முழித்தேன். பிறகு நேரத்தைக் காலை ஏழுக்கு மாற்றினார்கள். நானும் ஏழு மணிக்கே வேலைக்குப் போனேன். எவ்வளவு சுறுசுறுப்பான பிள்ளை என்று சின்யோரா பக்கத்து வீட்டில் பெருமையடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்யோராவின் டிவிப் புத்தகத்தில் மொத்தம் ஐம்பத்திரண்டு பாகம் என்று இருந்தது. நாற்பத்தாறாவதில் அவள் ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை டிவியைப் போட்டால்... திரும்பவும் முதலாம் பாகம்.

அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓரிடத்தில் இருக்கவும் முடியவில்லை. வியாழக்கிழமை அரைநாள் லீவில் அந்த டிவி அலுவலகத்தைத் தேடிப் போனேன். வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில், மூன்றாம் மாடி. விசாவுக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் நின்று நின்று பழகிய புத்தி... போனதும் என் வதிவிட அனுமதிப் பத்திரமான பெர்மெசோவையும், அதன் போட்டோகொப்பியையும், நாலு பாஸ்போர்ட் படத்தையும் மேசையில் வைத்தேன்.

அங்கிருந்த மனிதர் பெர்மெசோவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதை வைச்சு நான் என்ன செய்யிறது?"

"மிச்ச ஆறு பாகமும் போடவேணும்," என்றேன்.

கெட்ட மனிதர் இல்லை. கதிரை தந்து இருக்கச் சொன்னார். "அது சோகக் கதை. எங்களுக்கு விளம்பரம் தாறது பிஸ்கட்காரரும் விளையாட்டுச் சாமான்காரரும். அந்தப் பிள்ளையை வைச்சு எந்தப் பொம்மையை விக்கிறது? நடுவிலை நிப்பாட்டினாலும் பிள்ளையளுக்கு விளங்காது."

"நான் பிள்ளை இல்லையே."

"அப்ப ஏன் கார்ட்டூன் பாக்கிறியள்?"

என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லும் அளவுக்கு இத்தாலியன் இருக்கவில்லை. பெர்மெசோவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் பேருக்குத்தான் சாப்பிட்டேன். முழுத் தட்டைப் பார்த்தால் தம்பி என்ன சாப்பிட்டானோ என்று தள்ளி வைத்துவிடுவேன். சின்யோரா திட்டித் திட்டிக் களைத்துப்போனார். பிறகு ஒருநாள் வன்னியிலிருந்து அவன் கையெழுத்தில் கடிதம் வந்தது. இப்போது டொராண்டோவில் இருக்கிறான். நல்ல தொப்பை.

போன மாதம் என் மகள் அந்தக் கார்ட்டூனை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துத் தந்தாள். ஐம்பத்திரண்டும் வரிசையாக, போனுக்குள். யாரும் வெட்ட முடியாது, நேரம் மாற்ற முடியாது. ஆனால் அதைப் போட்டு வைத்திருப்பது சின்னப்பிள்ளைகள் பகுதியில், ஒரு கரடிக்குட்டி படத்துக்குக் கீழே. இத்தனை வருடம் போயும் அதே எண்ணம்தான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

கடைசி ஆறையும் ஒரே பின்னேரத்தில் பார்த்தேன். வேண்டுமென்றே, அயன் பண்ணிக்கொண்டு.

அவளுக்குத் தம்பி கிடைக்கவில்லை. கதவைத் திறந்தது வேறு யாரோ. கடைசிக் காட்சியில் முகாமுக்குத் திரும்பி வருகிறாள், தன் கோப்பையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் நிற்கிறாள், ஒரு மூலையில் குந்தியிருந்து முழுவதையும் சாப்பிட்டு முடிக்கிறாள். அவ்வளவுதான் முடிவு.

அழுது ஓய்ந்தபிறகு தம்பிக்கு போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்லகாலம் அக்கா, அப்ப நீங்கள் அதைப் பாக்கேல்லை."

"இல்லையடா," என்றேன். "பாத்திருந்தா நானும் சாப்பிட்டிருப்பன்."